ஒன்பது மணி நிகழ்ச்சிக்கு அவர் திரும்ப வர வேண்டுமா?

கொக்கிரகுளம்:

முதலிலேயே ஒரு வேண்டுகோள். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் பெயர், படம், ஊர், வீடு எதுவும் வரக் கூடாது. போட்டால் அழித்துவிடுவேன்.

நம் பக்கத்து இணைய வானொலியில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஓடிக்கொண்டிருந்த விளையாட்டு நிகழ்ச்சி தை மாதத்தோடு நின்று போனது. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள், அப்புறம் பழைய பாட்டாகப் போட்டு ஒப்பேற்றினார்கள். போன வாரம் அதை நடத்தியவரே பேசிய குரல் பதிவு ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. கபடி ஆடிய காலத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது, அதற்குச் சாப்பிட ஆரம்பித்த வலி மாத்திரையை விட முடியாமல் போய்விட்டது, இப்போது சிகிச்சையில் இருக்கிறேன், மறுபடி மைக் பிடிப்பேனா என்று எனக்கே தெரியாது. அவ்வளவுதான். அழவும் இல்லை, காலில் விழுகிற மாதிரி பேசவும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது, சிலருக்கு அதுவே எரிச்சலாம்.

வானொலிக்காரர்கள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. கேட்கிறவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ராதாபுரத்தான்:

வர வேண்டும். இதில் பேச என்ன இருக்கிறது?

தனியார் எஃப்எம்காரர்கள் விளையாட்டுப் போட்டியை நேரடியாக ஒலிபரப்பக் கூடாது, உள்ளூர் போட்டி என்றால் மட்டும் வர்ணனை செய்யலாம் என்று அரசு விதி இருக்கிறது. அந்த உள்ளூர் போட்டியையாவது செய்யலாமே, எங்கள் பக்கம் நான் கேட்டதே இல்லை. டிவியில் ஐபிஎல், ப்ரோ கபடி. சங்கர் நகர் மைதானத்தில் டிஎன்பிஎல் கிரிக்கெட் நடக்கும்போது மட்டும் நாலு நாள் நெல்லை ஞாபகம் வரும். மற்றபடி திசையன்விளையிலும் நாங்குநேரியிலும் ராத்திரி முழுக்க ஆடுகிற பையன்களைப் பற்றிப் பேச இந்த ஒரு மனிதர்தான் இருந்தார். ரைடு போகிறவன் எந்த ஊர், அவன் சித்தப்பா எந்த டீமுக்குக் கார்னர் பிடித்தார், போன வருஷம் அதே மைதானத்தில் யாரிடம் மாட்டினான் என்று எல்லாம் சொல்லுவார். ரேடியோவில் தமிழில் கிரிக்கெட் சொல்லிக் காட்டிய அப்துல் ஜப்பார் நம் சாத்தான்குளத்துக்காரர். அவரைக் கேட்டு வளர்ந்ததாக இவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த மாதிரிக் குரல் சும்மா கிடைத்துவிடாது.

மைக்செட் முக்கூடல்:

ராதாபுரம் அண்ணே, நீங்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்டவர். அவர் மைதானத்தில் வர்ணனை சொல்லும்போது மைக்செட் போட்டுப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன் நான். கொஞ்சம் என் பக்கமும் கேளுங்கள்.

மின்னொளி கபடி என்று போஸ்டர் அடித்தால் ஆட்டம் தொடங்கவே பத்து மணி ஆகும். முப்பது டீம் வந்துவிட்டால் பைனல் முடிவதற்குள் விடிந்துவிடும். அதுவரை ஒரே ஆள் பேச வேண்டும். ஆட்டத்தை மட்டுமா சொல்கிறார்? நன்கொடை கொடுத்தவர் பெயர், கோப்பை வழங்குகிறவர் பெயர், அவர் அப்பா பெயர், ரோட்டை மறித்து நிற்கும் காரின் நம்பர், பிள்ளையைக் காணோம் என்று அழுதுகொண்டு வரும் அம்மா, எல்லாம் அந்த ஒரு தொண்டையில்தான் போக வேண்டும். சீசனில் வாரத்துக்கு மூன்று ராத்திரி இப்படி. அதற்கு மேல் ஒன்பது மணி நிகழ்ச்சி வேறு.

கார்த்திகையில் ஒரு ஊரில் அரை இறுதி நடந்துகொண்டிருக்கிறது, மனிதரைக் காணோம். மேடைக்குப் பின்னால் டிராக்டர் டிரெய்லரில் உட்கார்ந்து வியர்த்து வழிகிறார், மூக்கு ஒழுகுகிறது, "தம்பி என்னை வீட்டில் விட்டுவிடு" என்கிறார். நான் காய்ச்சல் என்று நினைத்தேன். கமிட்டிக்காரர்கள் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுச் சண்டை. கடைசியில் உள்ளூர் பி.டி. (உடற்கல்வி) வாத்தியாரை மைக்கில் ஏற்றி ஒப்பேற்றினோம். பணம் இன்றுவரை திரும்பவில்லை, என் வாடகையும் நின்றது.

அதனால் "வர வேண்டும், பேச என்ன இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். பேச நிறைய இருக்கிறது.

பாளை மெடிக்கல்:

மைக்செட் தம்பி சொன்ன வியர்வையும் மூக்கு ஒழுகலும் காய்ச்சல் இல்லை. மாத்திரை கிடைக்காத நேரம் அது.

நான் மருந்துக்கடையில் நிற்கிறவன். டபென்டடால் என்று ஒரு வலி மாத்திரை, ஓபியாய்டு வகை, அதாவது அபின் மாதிரி வேலை செய்வது. ஜவ்வு கிழிந்தவன், ஆபரேஷன் ஆனவன், டிஸ்க் விலகியவன் போன்றவர்களுக்கு எலும்பு டாக்டர் சில நாளைக்கு எழுதுவார். அதற்கு மேல் போனால் உடம்பு அதற்குப் பழகிவிடும், அதே வலிக்கு இரண்டு வேண்டும், அப்புறம் வலி இல்லாவிட்டாலும் வேண்டும். முன்னால் டிரமடால்தான் இந்த வேலையைச் செய்தது. 2018-ல் அதைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள், கூட்டம் இந்தப் பக்கம் சாய்ந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுத்தால் எங்கள் லைசென்ஸ் போகும், இருந்தும் கொடுக்கிற கடை உண்டு, பார்சலில் வரவழைக்கிற கும்பலும் உண்டு. பேப்பரில் வாரம் ஒரு செய்தி பார்க்கிறீர்களே.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ரௌடி கிடையாது. லோடு தூக்குகிறவர், லாரி ஓட்டுகிறவர், கபடி ஆடுகிற பையன்.

வீரவநல்லூர் 95:

எல்லாம் சரி. எங்கள் தெருவில் ஒரு பையனை இரண்டு அட்டை மாத்திரையோடு பிடித்தார்கள். போலீஸ் முகத்தைத் துணியால் மூடி நிற்க வைத்து போட்டோ எடுத்து அனுப்பியது, அவன் அக்கா கல்யாணம் நின்றது. அவனுக்காக யாரும் இப்படி ஒரு விவாத இழை திறக்கவில்லை. இவர் நன்றாகப் பேசுகிறார் என்பதற்காக இவருக்கு அது நோய், அவனுக்கு மட்டும் குற்றமா?

கொக்கிரகுளம்:

நியாயமான கேள்வி. என்னிடம் நல்ல பதில் இல்லை.

கோர்ட் ரோடு:

சட்டம் என்ன சொல்கிறது என்று மட்டும் சொல்கிறேன். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு. போதைக்கு அடிமையான ஒருவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டாலும், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சை எடுத்தால் அந்த வழக்கு அவர் மேல் நடக்காது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தச் சலுகையும் போய்விடும். விற்றவனுக்கு இது கிடையாது. 39-ஆம் பிரிவில் நீதிமன்றமே தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்பவும் வழி இருக்கிறது. நன்றாகப் பேசுகிறவர், பேசாதவர் என்று சட்டத்தில் பிரிவினை இல்லை. ஸ்டேஷனில் யாரும் இதை அந்தப் பையனிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், வீட்டுக்கும் தெரிந்திருக்காது, வக்கீல் வைக்கக் காசும் இருந்திருக்காது. வித்தியாசம் அங்கேதான் வருகிறது. வீரவநல்லூர் தம்பி, வழக்கு இன்னும் நடக்கிறது என்றால் தனிச்செய்தி போடுங்கள்.

ஷார்ஜா திசையன்விளை:

இங்கே ரூமில் ஆறு பேரும் அந்த நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டுத்தான் தூங்குவோம், இங்கத்திய நேரத்துக்கு ஏழரை. நின்றதில் இருந்து சாயங்காலம் என்னவோ மாதிரி இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இது புதிது ஒன்றும் இல்லை. வாசிம் அக்ரம் 2003-ல் ஓய்வு பெற்ற பிறகு கமென்ட்ரி, டிவி என்று சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் கொக்கெய்னுக்கு அடிமையாகிவிட்டார். லாகூரில் மறுவாழ்வு மையத்தில் கிடந்தார், வெளியே வந்தார், 2009 சாம்பியன்ஸ் டிராபி சமயத்தில் மறுபடி விழுந்தார். அந்த அக்டோபரில்தான் அவர் மனைவி ஹுமா, சிகிச்சைக்காக விமானத்தில் சிங்கப்பூர் போகும் வழியில் நிலைமை மோசமாகி, நம் சென்னையில் இறந்துபோனார். அதோடு விட்டுவிட்டேன் என்று அவரே எழுதியிருக்கிறார். அடுத்த வருஷமே கொல்கத்தா அணிக்குப் பந்துவீச்சுப் பயிற்சியாளர், கமென்ட்ரியும் தொடர்ந்தது. ஆனால் இதையெல்லாம் அவர் சொன்னது 2022-ல். அதாவது அவர் மைக்குக்குத் திரும்பியபோது அவரைத் திரும்ப எடுக்கலாமா என்று யாரும் கேட்கவே இல்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது. நம் ஆள் நிலைமை வேறு. இவர் வாயைத் திறந்ததும் ஊரே "குளறுகிறாரா" என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்காரும்.

அமெரிக்காவில் ரஷ் லிம்பா என்று ஒரு ரேடியோக்காரர், அரசியல் பேசுகிறவர், 2003-ல் கொஞ்ச நாள் இஎஸ்பிஎன் டிவியின் அமெரிக்கக் கால்பந்து நிகழ்ச்சியிலும் இருந்தார். முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பிட்ட வலி மாத்திரைதான் அவருக்கும் வினை. அக்டோபர் 10-ஆம் தேதி தன் நிகழ்ச்சியிலேயே சொன்னார், நவம்பர் 17-ஆம் தேதி திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். ஐந்து வாரம்! மாத்திரைச் சீட்டு விவகாரத்தில் வழக்கு 2006 வரை இழுத்தது, சிகிச்சையைத் தொடர வேண்டும் என்ற நிபந்தனையோடு முடித்தார்கள். அவ்வளவு சீக்கிரம் அழைத்துக்கொண்டதற்குக் காரணம் பாசம் என்று நினைக்கிறீர்களா? அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்த விளம்பரப் பணம்.

மைக்செட் முக்கூடல்:

ஷார்ஜா அண்ணாச்சி, இங்கே விளம்பரப் பணம் என்றால் ஒரு ஜவுளிக்கடை, ஒரு அல்வாக்கடை, ஒரு போர்வெல் கம்பெனி.

ஹைகிரவுண்ட் நைட் டியூட்டி:

நான் மனநலப் பிரிவில் செவிலியர். நீங்கள் பேசுகிற மனிதரை எனக்குத் தெரியாது, எங்கே சிகிச்சை என்றும் தெரியாது. பொதுவாகத்தான் சொல்கிறேன்.

ஓபியாய்டு மாத்திரையை நிறுத்தினால் வருகிற அந்த உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் முதல் ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். குடும்பத்தார் அதைப் பார்த்துவிட்டு "தெளிந்துவிட்டான், கூட்டிப்போகிறோம்" என்பார்கள். கஷ்டமே அதற்குப் பிறகுதான். தூக்கம் சரியாக மாதக்கணக்கில் ஆகும். பழைய இடம், பழைய நேரம், பழைய ஆள் எதிரில் வந்தால் உள்ளே ஒரு இழுப்பு இழுக்கும். மறுபடி விழுகிறவர்கள் நிறையப் பேர், அதனால் அவர்கள் மோசமானவர்கள் என்று அர்த்தம் இல்லை. ஆனால் ஒன்று முக்கியம்: கொஞ்ச காலம் விட்டிருந்த உடம்புக்குப் பழைய அளவு தாங்காது. அதே எண்ணிக்கையைப் போட்டால் மூச்சு அடங்கிவிடும். இதை வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. மறுவாழ்வு மையம் என்று போர்டு மாட்டியதெல்லாம் மையம் இல்லை. கட்டிப்போட்டு அடிக்கிற இடங்களும் இருக்கின்றன. 2017 மனநலச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறார்களா, மனநல மருத்துவர் வந்து பார்க்கிறாரா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. கலங்கரை என்ற பெயரில் 2025-ல் அரசு மருத்துவமனைகளில் தனிப் போதை மீட்பு மையங்களும் திறந்திருக்கிறார்கள். வெளியே தெரியாமல் முதலில் பேச வேண்டும் என்றால் 14446, அல்லது டெலிமானஸ் 14416.

வீரவநல்லூர் 95:

நன்றி அக்கா. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

ராதாபுரத்தான்:

சரி, ஒரு வழி சொல்கிறேன். மாதா மாதம் சிறுநீர் பரிசோதனை வைக்கட்டும், ரிப்போர்ட் சுத்தம் என்றால் மைக்கைக் கொடுக்கட்டும். விளையாட்டு வீரர்களுக்கு ஊக்கமருந்துப் பரிசோதனை செய்வதில்லையா? அதே மாதிரிதான்.

ஹைகிரவுண்ட் நைட் டியூட்டி:

அண்ணே, கடையில் கிடைக்கிற சாதாரண ஓபியேட் பரிசோதனைப் பட்டை மார்ஃபின், ஹெராயின் வகையைத்தான் காட்டும். டபென்டடாலை அது பெரும்பாலும் பிடிக்காது, அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும். பட்டையில் ஒன்றும் தெரியவில்லை என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், அவ்வளவுதான். அதோடு பரிசோதனை சிகிச்சை தருகிறவர் கையில் இருக்க வேண்டும். இணைய வானொலி நடத்துகிற நாலு பையன்கள் ஒரு மனிதரின் சிறுநீரை வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

அல்வாக்கடை இல்லை போர்வெல்:

மைக்செட் தம்பி என்னைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன், அதனால் பேசிவிடுகிறேன். விளம்பரத்தை நான் நிறுத்தியது உண்மை. மாத்திரைக்காக இல்லை. மார்கழியில் ஒரு நாள் நிகழ்ச்சிக்கு போன் போட்ட பள்ளிக்கூடப் பையன் ஒருவனை, அவன் ஸ்கோரைத் திருத்திச் சொன்னான் என்பதற்காக, நேரடி ஒலிபரப்பிலேயே அசிங்கமாகத் திட்டினார். அந்தப் பையன் சொன்னதுதான் சரி. நோய் என்று இப்போது தெரிகிறது, அன்றைக்கு எனக்குத் தெரியாது, ஆனால் தெரிந்திருந்தாலும் அன்று விளம்பரம் ஓடியிருக்கக் கூடாது என்றுதான் சொல்வேன். திரும்ப வந்தால் முதலில் அந்தப் பையனுக்கு ஒரு போன் போட வேண்டும், ஒலிபரப்பில் இல்லாமல். அதைச் செய்தால் நானும் பழையபடி விளம்பரம் தருகிறேன்.

பக்கத்துத் தெரு:

இதுவரை படிக்க மட்டும்தான் செய்தேன். அவர் வீட்டம்மாவை எனக்குத் தெரியும், அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில், வீட்டுக்கு வந்து "ஒரு செல்பி", "ஒரே ஒரு ரைடு சொல்லுங்க அண்ணாச்சி" என்று நிற்பதை நிறுத்துங்கள். ஆறுதல் சொல்ல வருகிறோம் என்று வந்தவர்களில் ஒருவர் சட்டைப்பையில் மாத்திரை அட்டையோடு வந்திருக்கிறார். நான் சும்மா சொல்லவில்லை.

அப்புறம் இங்கே எல்லோரும் ரேடியோ, ரேடியோ என்கிறீர்கள். அந்த ஒன்பது மணி நிகழ்ச்சிக்கு அவருக்குக் கிடைத்தது பெட்ரோல் காசு. குடும்பம் நடந்தது ராத்திரிப் போட்டியில். பெரிய பிள்ளை பிளஸ் ஒன். ரேடியோவுக்குத் திரும்ப வரலாமா வேண்டாமா என்று நீங்கள் ஓட்டுப் போடலாம், அடுப்பு எரிய அவர் போட்டிக்குத்தான் போக வேண்டும். அந்த அம்மாவுக்குப் பயமே அந்த மைதானம்தான்.

மைக்செட் முக்கூடல்:

அக்கா சொல்வது நூறு சதவீதம் சரி. நான் முதலில் எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன், ஊர் வம்பு எதற்கு என்றுதான். அவருக்கு மைதானத்தில் மாத்திரை வாங்கிக் கொடுத்தவர்கள் வெளியாட்கள் இல்லை. இரண்டு மணிக்குக் குரல் இறங்கினால் கமிட்டிப் பையன்களே "அண்ணாச்சிக்கு அதைக் கொடுடா" என்பார்கள். டீயோடு வரும். ஆட்டம் சூடு பிடிக்கும், டோர் கலெக்‌ஷன் ஏறும், கீழே நின்று நாமெல்லாம் விசில் அடிப்போம். இப்போது அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு ஆடுகிறவர்களும் அதே கமிட்டிதான்.

ராதாபுரத்தான்:

இதை எங்கள் ஊர்க் கமிட்டியில் நடந்தது என்று சொல்கிறீரா?

மைக்செட் முக்கூடல்:

எந்த ஊர் என்று நான் சொல்லவில்லை அண்ணே. நீங்களே கேட்கிறீர்கள்.

கொக்கிரகுளம்:

இருவரும் இதோடு விடுங்கள், இல்லாவிட்டால் இழையைப் பூட்ட வேண்டியிருக்கும்.

வானொலியில் தொழில்நுட்பம் பார்க்கும் ஒரு நண்பரிடம் பேசினேன். அவர்கள் யோசிப்பது இப்படி: இந்த வருஷம் நேரடி நிகழ்ச்சி வேண்டாம், வாரத்துக்கு ஒரு நாள், பகலில் பதிவு செய்து போடுவது. கூட இன்னொருவர் உட்காருவார், போன் அழைப்பு கிடையாது. பழைய வீரர்களோடு பேட்டி மாதிரி. மணத்தி கணேசன் அர்ஜுனா விருது வாங்கிய காலத்தில் இந்தப் பக்கம் கபடி எப்படி இருந்தது, மேட் விரிப்பு வருவதற்கு முன்னால் மண்ணில் ஆடியவர்கள் என்னென்ன அடிபட்டார்கள், யார் வைத்தியம் பார்த்தார்கள், இந்த மாதிரி. அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லையாம். "ஆட்டம் இல்லாமல் நான் என்ன பேச" என்றாராம்.

ஷார்ஜா திசையன்விளை:

பதிவு செய்தது என்றாலும் கேட்போம். ஆனால் அதில் சம்பளம் உண்டா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அக்கா சொன்ன அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோம். எங்கள் ரூமில் மட்டும் மாதம் ஒரு தொகை போட ஆள் இருக்கிறது. அவர் கையில் வேண்டாம், வீட்டம்மா கணக்கில்.

பக்கத்துத் தெரு:

கேட்டுச் சொல்கிறேன் தம்பி. தானமாக வாங்க மாட்டார்கள், அதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சம்பளம் என்று வானொலி வழியாக வந்தால் வாங்குவார்கள்.

வீரவநல்லூர் 95:

நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனால் அந்த முதல் பேட்டியில் முழங்கால் அடிபட்ட அன்றைக்கு என்ன நடந்தது, யார் மாத்திரை எழுதினார்கள், யார் நிறுத்தச் சொல்லவில்லை என்று அவர் பேசினால் எங்கள் தெருப் பையனை உட்கார வைத்துக் கேட்கச் சொல்வேன். கோர்ட் ரோடு சார், தனிச்செய்தி போட்டிருக்கிறேன், பாருங்கள்.

கோர்ட் ரோடு:

பார்த்தேன். திங்கட்கிழமை அவன் அம்மாவோடு குற்றப்பத்திரிகை நகலை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

மைக்செட் முக்கூடல்:

வானொலி விஷயம் அவர்கள் பாடு. என் பிரச்சினை அவசரமானது. சித்திரைக் கோயில் கொடைக்கு இரண்டு ஊரில் கபடி, இரண்டு கமிட்டியும் அவரைத்தான் கேட்கிறார்கள். "தொடக்க ஒரு மணி நேரம் மட்டும் பேசட்டும்" என்கிறார்கள். பத்து மணிக்கு மைக்கைக் கையில் கொடுத்துவிட்டுப் பதினொன்றுக்கு வாங்குவது ஆகிற காரியமா? அவரும் தர மாட்டார், கூட்டமும் விடாது. இந்த சீசன் அவர் இல்லை என்று நான் சொல்லிவிட்டேன், ஒரு ஊர் ஆர்டரே போய்விடும் போல இருக்கிறது. போகட்டும்.

அந்தப் பி.டி. வாத்தியாருக்குத் தொண்டை இரண்டு மணிக்கு மேல் தாங்காது. அதனால் ராத்திரிக்கு இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பேசுகிற மாதிரி ஏற்பாடு செய்யலாம் என்று இருக்கிறேன். கபடி தெரிந்த, நன்கொடையாளர் பெயரைத் தப்பில்லாமல் வாசிக்கத் தெரிந்த ஆள் அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சாப்பாடு உண்டு, டீ நான் போடுவேன், வேறு யாரும் கொண்டுவந்து கொடுக்க விட மாட்டேன்.